நாலு பேருக்குக் கையெழுத்துப் போட்டவர் ஐந்தாமவரைக் கெடுக்கிறாரா?

ஏற்கெனவே மூன்று நான்கு பேருக்கு ஸ்பான்சர் கொடுத்தவரின் பெயரில் விசாவுக்கு மனுச் செய்தால் தள்ளிவிடுவார்கள் என்பது விருத்தாசலத்தில் பாலக்கரையிலிருந்து ஜங்ஷன் ரோடு வரை எல்லோருக்கும் 'தெரிந்த' விஷயம். டிராவல்ஸ்காரர் சொல்கிறார். துபாயிலிருந்து லீவில் வந்தவர் சொல்கிறார். மகளை அமெரிக்காவில் கட்டிக்கொடுத்த ஓய்வுபெற்ற வாத்தியாரும் சொல்கிறார். "அவன் ஏற்கெனவே நாலு பேருக்குப் போட்டுட்டான் மாப்ள, உனக்கும் போட்டா உன் ஃபைல் அடிபட்டுடும்" என்று யாராவது சொன்னால், எந்த நாட்டுக்கு, எந்த விசாவுக்கு, எந்த விதிப்படி என்று திருப்பிக் கேட்பவர் இல்லை.

இப்படி நம்புகிறவர்கள் விவரம் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் தரப்பை ஒழுங்காகச் சொன்னால் அதில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. தூதரகத்துக் கம்ப்யூட்டரில் ஸ்பான்சரின் பெயரைத் தட்டினால் பழைய மனுக்கள் எல்லாம் வரும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் இவர் ஆள் அனுப்பும் ஏஜென்ட் என்று அதிகாரி நினைப்பார் என்பது முதல் வாதம். ஒருவருடைய சம்பளம் எத்தனை பேரைத் தாங்கும், நாலு பேருக்கு ஏற்கெனவே பொறுப்பேற்றவரின் கையெழுத்துக்கு ஐந்தாவது முறை என்ன மதிப்பு என்பது இரண்டாவது. மூன்றாவது அனுபவம்: இன்னாருடைய மச்சானுக்குக் கிடைத்தது, இன்னாருடைய நண்பனுக்குக் கிடைக்கவில்லை, இருவருக்கும் ஸ்பான்சர் ஒருவரே. ஆகவே முதலில் சொந்தம், பிறகு பங்காளி, மிச்சம் இருந்தால் நண்பன் என்று வரிசை போடுவதுதான் புத்திசாலித்தனம் என்கிறார்கள்.

இதில் இரண்டாவது வாதத்தில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியும் இவர்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்காரன் ஒருவன் இதைப் பற்றி இவ்வளவு சூடாக எழுத வேண்டுமா என்று கேட்கலாம். எம்.சி.பி. சுவிட்சு வந்தபிறகு பீங்கான் ஃபியூஸ் கட்டைக்கு முன்பிருந்த மவுசு இல்லை. அகல் விளக்கும் பொம்மையும் ஆண்டு முழுக்க ஒரு பட்டறையை நடத்திவிடாது. பீங்கான் தொழில்நுட்பம் படித்த பையன் குஜராத்தின் மோர்பியைப் பார்ப்பான். அதைத் தாண்டினால் 1989இல் தொடங்கிய பெரிய டைல்ஸ் ஆலை இருக்கும் ராஸ் அல் கைமாவைப் பார்ப்பான். வெளியே போவது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. அதனால் வெளியே போவதைப் பற்றிய ஒரு தப்பான நம்பிக்கை இங்கே வெறும் டீக்கடைப் பேச்சாக நின்றுவிடுவதில்லை.

1. விசா கேட்பது யார்? நண்பரா, நீங்களா? சுற்றுலா விசா, உறவினர் நண்பர்களைப் பார்க்கும் விசா என்று வரும்போது அதிகாரி எடைபோடுவது மனுதாரரை. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்ற பிரிவு உண்டு. பார்வையாளராக வர விரும்பும் ஒவ்வொருவரும், மாறாக நிரூபிக்கும்வரை, அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றே அது எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சென்னையில் அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துணைத் தூதரகத்தின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வரும் கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றியவைதான்: என்ன தொழில், வீட்டில் யார் யார், எதற்காகத் திரும்பி வருவாய்? பார்வையாளர் விசாவுக்கு அழைப்புக் கடிதமோ ஆதரவு உறுதிமொழியோ தேவையில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே எழுதி வைத்திருக்கிறது. அங்கிருக்கும் உறவினர், நண்பர் தரும் உத்தரவாதத்தை வைத்து முடிவு செய்வதில்லை. மனுதாரருக்குச் சொந்த நாட்டில் இருக்கும் பிடிப்பை வைத்தே முடிவு செய்கிறோம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. தேவையே இல்லாத ஒரு காகிதம், அதே நண்பர் முன்பு நாலு பேருக்குக் கொடுத்தார் என்பதற்காக மனுவைக் கொன்றுவிடும் என்றால் அது என்ன தர்க்கம்?

கனடாவிலும் இதே கதைதான். குடியேற்ற ஒழுங்குமுறையின் 179ஆம் பிரிவு, அனுமதித்த காலம் முடிந்ததும் மனுதாரர் வெளியேறிவிடுவார் என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும் என்கிறது. அழைப்புக் கடிதம் துணைக் காகிதம். இருந்தாலும் விசாவுக்கு உத்தரவாதம் கிடையாது. பிரிட்டன் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். செலவை மூன்றாம் நபர் ஏற்கிறார் என்றால் அவருக்கும் மனுதாரருக்கும் உண்மையான உறவோ பழக்கமோ இருக்க வேண்டும், அவர் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தை மீறியவராக இருக்கக் கூடாது, தங்கும் காலம் முழுவதும் அவரால் தாங்க முடிய வேண்டும். ஒரே படுக்கையறை வீட்டில் ஒரே மே மாதத்தில் மூன்று குடும்பங்களை வரவழைத்தால் கேள்வி எழத்தான் செய்யும். அந்தக் கேள்வி இடத்தைப் பற்றியது. மூன்று வருடத்துக்கு முன் வந்து இருபது நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய விருந்தாளிகளைப் பற்றியது அல்ல.

இருந்தும் இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? ஏனென்றால் விசா மறுக்கப்பட்டவருக்கு அது இனிக்கிறது. கல்யாணமாகாத 24 வயதுப் பையன், நிலையான வேலை இல்லை, வங்கிக் கணக்கில் போன வாரம்தான் யாரோ போட்ட பணம். மனு தள்ளுபடியாவதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். ஆனால் "உன் ஃபைல்ல தம் இல்ல தம்பி" என்று சொல்லும் ஏஜென்டிடம் அந்தப் பையன் மறுபடி போவானா? "உன் ஸ்பான்சர் நிறைய பேருக்குப் போட்டிருக்கார், அதான்" என்று சொன்னால் போவான். பழி அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும், அடுத்த கட்டணம் இந்தப் பக்கம் விழும்.

2. சரி, நண்பர் சட்டப்படி பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் இடத்தில்? இங்கேதான் அந்தப் பாதி உண்மை இருக்கிறது, ஆகவே நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறும் குடும்ப விசாக்களுக்கு ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழி உண்டு. 1996இல் வந்த சட்டம் அதை ஒரு ஒப்பந்தமாக்கியது. 1997 டிசம்பர் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனைவியை அழைக்கும் ஒருவருக்கு வருமானம் போதவில்லை என்றால் நண்பர் ஒருவர் ஜாயிண்ட் ஸ்பான்சராக வரலாம். ரத்த சொந்தம் வேண்டியதில்லை. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவராக, 18 வயது நிறைந்தவராக, அங்கே வசிப்பவராக இருந்தால் போதும். அவருடைய குடும்ப அளவுக்கு அரசு வகுத்த வறுமைக்கோட்டில் 125 சதவீத வருமானம், மனைவியை அழைப்பவரின் வருமானத்தைச் சேர்க்காமல், அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்தக் குடும்ப அளவில், முன்பு அவர் ஐ-864 போட்டுக் குடியேறி, இன்னும் பொறுப்புத் தீராமல் இருப்பவர்களும் சேருவார்கள். படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

மனைவியை அழைப்பவர் நீங்கள் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நண்பர் வீட்டில் நான்கு பேர். உங்கள் மனைவியைச் சேர்த்தால் ஐந்து. 2025ஆம் ஆண்டு அளவுப்படி ஐந்து பேர் குடும்பத்துக்கு அவர் காட்ட வேண்டிய வருமானம் ஆண்டுக்கு சுமார் 47,062 டாலர். முன்பு இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் கணக்கு ஏழாகும். தேவை சுமார் 60,812 டாலராக ஏறும். நண்பர் 90,000 டாலர் சம்பாதிக்கிறவர் என்றால் அந்த இரண்டு பேரால் உங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. 55,000 சம்பாதிக்கிறவர் என்றால் அந்த இரண்டு பேரால் உங்கள் மனைவியின் மனு இடறும். ஆம், இடறும், இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இது எப்படிப்பட்ட இடறல் என்று பாருங்கள். இதில் சந்தேகமோ களங்கமோ இல்லை, கம்ப்யூட்டரில் எழும் சிவப்பு விளக்கும் இல்லை. தலைக்கு 6,875 டாலர் வீதம் ஏறும் வெளிப்படையான கூட்டல் கணக்கு. வருமான வரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடலாம். போதவில்லை என்றால் அதே வீட்டில் சம்பாதிக்கும் இன்னொருவரின் வருமானத்தைச் சேர்க்கலாம், சொத்தைக் காட்டலாம், வேறொரு ஜாயிண்ட் ஸ்பான்சரைக் கொண்டுவரலாம். எண்ணிக்கை தன்னளவில் எதையும் முடிப்பதில்லை. ஐந்து பேருக்குக் கையெழுத்திட்ட டாக்டரின் உறுதிமொழி செல்லும். முதல் தடவையாகக் கையெழுத்திடும் பெட்ரோல் பங்க் ஊழியரின் உறுதிமொழி செல்லாமல் போகலாம்.

நம் ஊர்க்காரர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கையெழுத்து போட்டவரை என்ன செய்யும்? மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் முறையீட்டை எழுதிப் பிராது கட்டுகிறவர்கள், காரியம் முடிந்ததும் திரும்பிவந்து ராஜினாமா செய்து பிராதை வாங்கிக்கொள்கிறார்கள். ஐ-864க்கு அப்படி ஒரு ராஜினாமா கிடையாது. வந்தவர் குடியுரிமை பெற வேண்டும், அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்குச் சேர வேண்டும், அல்லது நாட்டை விட்டே போய்விட வேண்டும், அல்லது இருவரில் ஒருவர் இறக்க வேண்டும். அதுவரை பொறுப்பு நிற்கும். நாற்பது காலாண்டு என்றால் விடாமல் வேலை பார்த்தாலும் பத்து வருடம். வந்த பெண்ணும் கணவனும் விவாகரத்துப் பண்ணிக்கொண்டாலும் பொறுப்பு தீராது. அரசு உதவி பெற்றால் அந்தத் தொகையைக் கையெழுத்திட்டவரிடம் அரசு கேட்கலாம். ஆதரவுத் தொகை கேட்டு வந்தவரே வழக்குப் போடலாம். கனடாவில் பெற்றோரை நிரந்தரமாக அழைப்பவர் கொடுக்கும் உறுதிமொழி, கியூபெக் தவிர்த்த மாகாணங்களில், 20 வருடம். இவ்வளவு பெரிய சுமையைத் தூக்கியவரைப் பார்த்து, "நீ நாலு பேருக்குத் தூக்கினதால எனக்கு விசா கெட்டுப்போச்சு" என்று கோபப்படுகிறோம். பாதிப்பு யாருக்கு என்ற கேள்வியையே தலைகீழாக வைத்திருக்கிறோம்.

3. கோட்டா என்று ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. அது நண்பர்களை எண்ணும் கோட்டா அல்ல. ஆஸ்திரேலியாவில் ஒருவர் வாழ்நாளில் இரண்டு பேரைத்தான் வாழ்க்கைத் துணையாக ஸ்பான்சர் செய்யலாம், இரண்டுக்கும் இடையில் ஐந்து வருடம் வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டு. இது அடுத்தடுத்துக் கல்யாணம் செய்து ஆள் கொண்டுவருவதைத் தடுக்க வந்த விதி. இதை எங்கோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேருக்கு மேல ஸ்பான்சர் பண்ண முடியாதாம்" என்று நண்பர்களுக்கும் சேர்த்துச் சட்டம் இயற்றிவிட்டோம்.

அமெரிக்காவில் அண்ணன் தம்பிக்கு மனுப் போடும் அக்காமார் படும் பாடு இன்னும் மோசம். பெரியவனுக்கு முதலில் போட்டதால்தான் சின்னவனுக்குத் தாமதம் என்று வீட்டில் சண்டை. ஒவ்வொரு மனுவும் தனித்தனி. உடன்பிறந்தோர் பிரிவில் உலகம் முழுவதுக்கும் ஆண்டுக்கு 65,000 விசா, அதிலும் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு. இந்தியர்கள் பதினைந்து வருடத்துக்கும் மேல் காத்திருப்பது இதனால். அக்கா எத்தனை படிவம் நிரப்பினார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நண்பனுக்கு கிரீன் கார்டு கேட்கும் குடும்பப் படிவமோ கிடையவே கிடையாது. இல்லாத வரிசையில் நண்பன் நம்மை முந்திவிட்டான் என்று புகைகிறோம்.

ஒருவர் பல மனுப் போட்டு அடுத்தவரை உண்மையிலேயே கெடுத்த இடம் ஒன்று உண்டு. 2023இல் நடந்த அமெரிக்க எச்-1பி வேலை விசாக் குலுக்கலில் வந்த சுமார் 7,80,000 பதிவுகளில் 4,08,000க்கும் மேற்பட்டவை, ஒன்றுக்கு மேல் பதிவு செய்யப்பட்ட ஆட்களுடையவை. ஒரே ஆளுக்குப் பல நிறுவனங்கள் சீட்டுப் போட்டன. ஒரே சீட்டோடு நின்ற நண்பனின் வாய்ப்பு சுருங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு விதியை மாற்றி, எத்தனை நிறுவனம் பதிந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரே வாய்ப்பு என்றது. அங்கே நடந்தது ஓர் ஆளுக்குப் பல ஸ்பான்சர். நம் ஊரில் பயப்படுவதோ ஒரு ஸ்பான்சருக்குப் பல ஆள்.

4. நாலு பேர் வந்தார்களே, நாலு பேரும் திரும்பினார்களா? இதைக் கேட்டால் பாதிப் பஞ்சாயத்து தீர்ந்துவிடும். பாண்டிச்சேரி வழியாகப் பிரான்ஸில் சொந்தமும் நட்பும் உள்ள குடும்பங்கள் நம் வட்டாரத்தில் இருப்பதால் அந்த நாட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். அங்கே வீட்டுக்கு விருந்தாளியை வரவழைப்பவர் தன் ஊர் மேயர் அலுவலகத்தில் விருந்தோம்பல் சான்று வாங்க வேண்டும். 2003 நவம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு, மேயர் எந்தெந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. தங்குவதற்குச் சரியான இடம் இல்லாவிட்டால் மறுக்கலாம். அந்த வீட்டுக்காரர் முன்பு கையெழுத்திட்ட சான்றுகளைப் பார்க்கும்போது, இந்த நடைமுறையையே தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று தெரிந்தாலும் மறுக்கலாம். பழைய சான்றுகளைப் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். எத்தனை என்று எண்ணுவதற்காகப் பார்க்கவில்லை, அவற்றால் என்ன நடந்தது என்று அறியப் பார்க்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் ஸ்பான்சர் செய்யப்பட்ட குடும்பப் பார்வையாளர் விசாவில் இது இன்னும் கறாராக இருக்கிறது. அழைப்பவரிடம் 5,000 முதல் 15,000 ஆஸ்திரேலிய டாலர்வரை பிணைத்தொகை கேட்கலாம். வந்தவர் நிபந்தனையை மீறினால் பணம் போகும், ஐந்து வருடம் இன்னொருவரை அழைக்க முடியாமலும் போகலாம். ஒழுங்காகத் திரும்பிய பத்துப் பேரால் அடுத்தவருக்குக் கெடுதி இல்லை. திரும்பாமல் போன ஒருவரால் உண்டு. ஆக, உங்கள் மனுவைக் கெடுத்தது கையெழுத்துப் போட்ட நண்பரின் தாராளம் என்று எப்படிச் சொல்வீர்கள்? உங்களுக்கு முன்னால் போய், விசா முடிந்தும் ஏதோ ஒரு உணவகத்தின் சமையலறையில் தங்கிவிட்ட அந்த ஒருவர்தான் கெடுத்தார். அவர் யாரென்று ஊருக்கே தெரியும். அவர் அனுப்பும் பணத்தில் வீட்டுக்கு மாடி எழும்பும்போது யாரும் வாய் திறப்பதில்லை. பழி மட்டும் நண்பர் தலையில்.

5. வளைகுடாவைக் காட்டி வாதத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். "கஃபீல் நிறைய பேருக்கு விசா எடுத்தா எல்லாரும் மாட்டிப்பாங்க, நாங்க கண்ணால பார்த்தது" என்பார்கள். பார்த்தது உண்மை. சவூதி 2011இல் நிதாகத் என்ற உள்நாட்டவர் வேலைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, போதிய உள்நாட்டவரை வேலைக்கு வைக்காத நிறுவனங்களைச் சிவப்புப் பட்டியலில் போட்டார்கள். அவற்றில் இருந்த வெளிநாட்டவரின் பர்மிட்டைப் புதுப்பிக்க முடியவில்லை. புது விசாவும் இல்லை. பேருக்கு ஒரு கஃபீல், வேலை வேறெங்கோ என்று 'ஃப்ரீ விசா'வில் போனவர்கள் ஒட்டுமொத்தமாகச் சிக்கினார்கள். அங்கே கஃபீல், அதாவது ஸ்பான்சர், என்பவர் முதலாளி. அவருடைய நிறுவனத்தின் விகிதாச்சாரம் கெட்டால் அவரிடம் இருக்கும் எல்லோரும் கெடுவார்கள். சிங்கப்பூரிலும் கட்டுமான நிறுவனம் எத்தனை வெளிநாட்டுத் தொழிலாளரை வைக்கலாம் என்பதற்கு விகிதம் உண்டு. உள்ளூர்த் தொழிலாளி ஒருவருக்கு ஏழு பேர் என்று இருந்ததை 2024 ஜனவரி முதல் ஐந்தாகக் குறைத்தார்கள். மலேசியர் அல்லாத ஒவ்வொரு ஒர்க் பெர்மிட்காரருக்கும் முதலாளி 5,000 சிங்கப்பூர் டாலருக்குத் தனித்தனியாகப் பிணை கட்டுகிறார். இந்த விதிகளில் நண்பர் எங்கே வருகிறார்?

நண்பர் வரும் இடத்தில் விதி வேறு. ஐக்கிய அரபு அமீரகம் 2025 செப்டம்பரில் அறிவித்தபடி, நெருங்கிய ரத்த உறவை விசிட் விசாவில் அழைக்க மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் போதும். நண்பனை அழைக்க 15,000 வேண்டும். சிங்கப்பூரில் இந்தியருக்கான விசிட் விசாவில் அறிமுகக் கடிதம் தருபவர் 21 வயது நிறைந்த சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் நம் ஊர்ப் பையன் அதில் கையெழுத்திடவே முடியாது. அவனிடம் போய், "உன் சித்தப்பா மகனுக்கு மட்டும் பண்ணினியே" என்று கேட்பவர்களை என்னவென்று சொல்வது?

6. இந்த நம்பிக்கையால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தால், அதன் விளைவைப் பாருங்கள். எண்ணிக்கைதான் குற்றம் என்று நம்புகிறவர் எண்ணிக்கையை மறைப்பார். படிவத்தில் முன்பு யாருக்கெல்லாம் உறுதிமொழி கொடுத்தீர்கள் என்று கேட்கும் இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதச் சொல்வார். நண்பரை ஒன்றுவிட்ட அண்ணன் ஆக்குவார். ஒரே வைப்புத்தொகையை இந்த மாதம் ஒரு மாணவன் பெயரிலும் அடுத்த மாதம் இன்னொரு மாணவன் பெயரிலும் சுற்றவிடுவார். மறைக்கத் தேவையில்லாத உண்மையை மறைக்கப்போய், மன்னிப்பில்லாத பொய்யைக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். விசாவுக்காக முக்கிய விவரத்தில் பொய் சொன்னவருக்கு அமெரிக்கா வாழ்நாள் தடை போடலாம். கனடாவில் ஐந்து வருடம். பிரிட்டனில் பத்து வருடம்வரை. நாலு பேருக்கு ஸ்பான்சர் கொடுத்ததற்குத் தண்டனை என்று இந்த மூன்று நாடுகளில் எந்தச் சட்டத்திலும் வரி இல்லை. கொடுக்கவில்லை என்று பொய் சொன்னதற்கு உண்டு.

இந்த நம்பிக்கை இருக்கும் ஊரில் 'ஃப்ரெஷ் ஸ்பான்சர்' என்று ஒரு சரக்கை விற்பதும் சுலபம். இதுவரை யாருக்கும் கையெழுத்துப் போடாத ஆள், பேர் சுத்தம், ஐம்பதாயிரம் ஆகும் என்பார்கள். முன்பின் தெரியாத அந்த ஆளை நண்பர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, "எத்தனை வருடப் பழக்கம், கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்கும்போது விழிக்க வேண்டியதுதான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு வரி நீங்கலாக 30,000 ரூபாய் உச்சவரம்பு. ஸ்பான்சரின் பெயரை விற்பதற்கு அந்தச் சட்டத்தில் எந்தக் கட்டணமும் சொல்லவில்லை. நாலு பேருக்கு உதவி, நாலு பேரையும் ஒழுங்காகத் திருப்பி அனுப்பிய உண்மையான நண்பரை ஒதுக்கிவிட்டு, கையெழுத்துச் சுத்தமான அந்நியனைக் காசு கொடுத்து வாங்கும் ஏற்பாட்டைத்தான் இங்கே உஷார் என்கிறார்கள்.

7. "எல்லாம் சரி, எதற்கு வம்பு? ஒதுங்கிப் போவதில் என்ன தப்பு?" இதுதான் கடைசிப் புகலிடம். தர்க்கம் தோற்ற இடத்தில் எச்சரிக்கை என்ற பெயரில் அதே நம்பிக்கை திரும்பி வருகிறது. எச்சரிக்கையாக இருங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சரியான இடத்தில் செலவழியுங்கள். ஜாயிண்ட் ஸ்பான்சராக வரும் நண்பரிடம் போன வருட வரித் தாளையும், ஐ-864 போட்டவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் பொறுப்புத் தீரவில்லை என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். விருந்தாளியாக அழைப்பவரிடம், முன்பு வந்தவர்கள் தேதிக்குத் திரும்பினார்களா, அதே மாதம் வீட்டில் வேறு யாராவது தங்குகிறார்களா என்று கேளுங்கள். இவை நண்பரை அவமதிக்கும் கேள்விகள் அல்ல, அவரே எதிர்பார்ப்பவை. எண்ணிக்கையை வைத்து ஒதுக்குகிறவர்கள் இதில் ஒன்றையும் கேட்பதில்லை. "எத்தனை பேருக்குப் போட்டான்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுந்துபோய்விடுகிறார்கள்.

சொந்தத்துக்கு முதலில், நண்பனுக்கு மிச்சம் என்ற வரிசையை நியாயப்படுத்தவும் இந்தக் கோட்டாக் கதை வசதியாக இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. உதவ மனமில்லாதவர் "என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பொறுப்பேற்கப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் இன்னும் கௌரவம்; ஐ-864 விஷயத்தில் அந்தப் பயத்துக்கு முழு நியாயமும் உண்டு. "எனக்கு ஆட்சேபணை இல்லை, உன் விசாதான் கெட்டுவிடும்" என்று நம் நலனுக்காக மறுப்பதுபோல் மறுப்பதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த தடவை யாராவது இந்தச் சட்டத்தைச் சொன்னால் எந்த நாடு, எந்த விசா, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செல்போனில் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். காட்ட முடியாதவருக்குக் கட்டணம் கொடுக்காதீர்கள்.